மென்னுலோகத்துக்கு ஒரு வன்தோல்

எங்கள் வீட்டுக் குசினியில் இரண்டு சட்டிகள் இருக்கின்றன. ஒன்று உம்மா காலத்து அலுமினியச் சட்டி. மற்றது அண்மையில் வாங்கிய கருஞ்சாம்பல் நிறச் சட்டி. அதன் அடியில் 'ஹார்ட் அனடைஸ்ட்' என்று பொறித்திருக்கிறது. இரண்டும் ஒரே உலோகந்தான். ஆனால் உம்மாவின் சட்டியில் அகப்பை பட்ட இடமெல்லாம் கீறல். கொறுக்காப்புளி போட்டு மீன் ஆக்கினால் அதன் உட்புறம் புதிதாக மினுக்கியது போலப் பளிச்சென்று ஆகிவிடும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். உண்மையில் நடந்தது என்ன? சட்டியின் மேற்படை புளியில் கரைந்து கறியோடு கலந்துவிட்டது. மற்றச் சட்டியில் கீறலும் இல்லை, இந்தப் பளபளப்பும் இல்லை.

இந்த வித்தியாசத்தை நான் பல வருடங்களாகக் கவனித்தும் அதைப் பற்றி யோசித்ததில்லை. யோசிக்க வைத்தது மருமகனின் மோட்டார் சைக்கிள். வீடு வீடாகச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் தொழில் அவருக்கு. சைக்கிள் ஓடினால்தான் அன்றைய வருமானம். எஞ்சின் புகை கக்கத் தொடங்கியதும் ஒரு லேத் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்கார நானா சிலிண்டரைத் தடவிப் பார்த்துவிட்டு, "தேஞ்சி போச்சி தம்பி, ஒரு போர் அடிச்சிட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டா சரி" என்றார். அப்படியே செய்தார்கள். மூன்று வாரம் ஓடியது. பின்னர் ஒரு நாள் நடுவீதியில் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொண்டது. கழற்றிப் பார்த்தால் சிலிண்டர்ச் சுவர் முழுக்க உழுத வயல் மாதிரி.

நானாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இரும்பு ஸ்லீவ் போட்ட சிலிண்டர்களுக்கு அவர் செய்தது சரியான வேலைதான். நாற்பது வருடமாக அதையே செய்து வந்தவர். ஆனால் இந்தச் சிலிண்டரில் ஸ்லீவ் இல்லை. வெறும் அலுமினியத்தின் மேல் மயிரிழை அளவான ஒரு கடினப் படை மட்டுமே இருந்தது. போர் அடித்தபோது அது போய்விட்டது. பிஸ்டன் தேய்ந்து ஓடியது மென்மையான பச்சை அலுமினியத்தின் மேல். நம் ஊர்களில் வண்டி திருத்தும் தொழிலில் எத்தனையோ குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்கள் கையில் வந்து சேரும் உலோகம் மாறிவிட்டது. அதைப் பற்றிய செய்திதான் வந்து சேரவில்லை. அந்த மெல்லிய படை என்ன, அது எப்படி உண்டாகிறது, எதனால் போகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேய்வு என்றால் என்ன?

ஒரு கன சென்றிமீற்றர் உருக்கு ஏறத்தாழ 7.8 கிராம் நிறையுடையது. அதே அளவு தைத்தேனியம் 4.5 கிராம், அலுமினியம் 2.7 கிராம், மகனீசியம் 1.74 கிராம். விமானமும் வாகனமும் இந்த மூன்று மென்பார உலோகங்களையும் நாடிப் போவதன் காரணம் இந்தக் கணக்குத்தான். பாரம் குறைந்தால் எரிபொருள் குறையும்.

ஆனால் பாரம் குறைந்த இந்த உலோகங்கள் உராய்வைத் தாங்குவதில் பலவீனமானவை. 1953 இல் ஆச்சார்ட் என்ற பிரித்தானிய ஆய்வாளர் தேய்வுக்கு ஓர் எளிய விதி எழுதினார். ஒரு பொருளிலிருந்து தேய்ந்து போகும் அளவு, அதன் மேல் அழுத்தும் சுமை கூடக் கூடும். உராய்ந்து செல்லும் தூரம் கூடக் கூடும். மேற்பரப்பின் வன்மை கூடக் குறையும். சுமையையும் தூரத்தையும் நாம் பெரும்பாலும் மாற்ற முடியாது. பிஸ்டன் ஓடத்தான் வேண்டும். மிஞ்சியிருப்பது வன்மை ஒன்றே. அதிலும் தேய்வது மேற்பரப்பு மட்டும் என்பதால், முழுப் பொருளையும் வன்மையாக்கத் தேவையில்லை. தோலை வன்மையாக்கினால் போதும்.

தேய்வு இரண்டு விதமாக நடக்கிறது. ஒன்று அராவல்: மணலோ உலோகத் துகளோ இடையில் புகுந்து கீறிக்கொண்டு போவது. மற்றது ஒட்டல்: இரண்டு உலோகங்கள் நேருக்கு நேர் அழுந்தும்போது அவற்றின் நுண்ணிய மேடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, இழுபடும்போது மென்மையான பக்கம் பிய்ந்து வருவது. அலுமினியத்துக்கும் தைத்தேனியத்துக்கும் இந்த ஒட்டல்தான் பெரிய எதிரி. மருமகனின் சிலிண்டரில் நடந்ததும் இதுவே.

தேய்வு சின்ன விடயமல்ல. 1966 இல் பிரித்தானிய அரசாங்கத்துக்குப் பீற்றர் ஜொஸ்ற் தலைமையிலான குழு ஓர் அறிக்கை கொடுத்தது. உராய்வு, தேய்வு, மசகிடல் ஆகியவற்றைச் சரியாகக் கையாண்டால் அந்த நாடு வருடத்துக்கு 515 மில்லியன் பவுண் மிச்சம் பிடிக்கலாம் என்று அது கணக்கிட்டது. உராய்வியல் ஒரு தனித் துறையாகப் பெயர் பெற்றது அந்த அறிக்கையோடுதான்.

நீலக்கல்லும் அலுமினியமும்

இனி ஒரு சுவையான உறவைப் பார்ப்போம். அலுமினியம் காற்றுப் பட்டவுடனே ஒட்சிசனோடு சேர்ந்து, தன் மேல் அலுமினிய ஒட்சைட்டுப் படை ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. அலுமினியம் இரும்பைப் போலத் துருப்பிடித்து உதிராமல் இருப்பதற்கு அந்தப் படைதான் காரணம். இதே அலுமினிய ஒட்சைட்டு பூமிக்கடியில் பளிங்காக உருவானால் அதன் பெயர் குருந்தம். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயரே தமிழ்ச் சொல்லான குருந்தத்திலிருந்து போனது. குருந்தத்தில் சொற்ப அளவு குரோமியம் கலந்தால் மாணிக்கம். இரும்பும் தைத்தேனியமும் கலந்தால் நீலம். வைரத்துக்கு 10 என்று வைத்த மோவின் வன்மை அளவில் குருந்தத்துக்கு 9.

ஆக, பேருவளைச் சீனன்கோட்டையில் நம்மவர்கள் கையில் புரட்டிப் புரட்டிப் பார்த்து விலை பேசும் நீலக்கல்லும், நம் குசினிச் சட்டியின் மேற்தோலும் ஒரே இரசாயனக் குடும்பம். அறபியில் யாகூத் என்று சொல்லப்படும் இக்கல்லைப் பற்றி அல்-பீரூனி தன் மணிக்கல் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். மணிக்கற்களினதும் உலோகங்களினதும் அடர்த்தியை நீரில் அமிழ்த்தி அளந்தவர் அவர். குருந்தத்தோடு இரும்பு ஒட்சைட்டு கலந்த இயற்கைப் பொருள்தான் எமரி. 1206 இல் தன் பொறியியல் நூலை நிறைவு செய்த அல்-ஜஸரி, வால்வையும் அதன் இருக்கையையும் எமரித் தூள் போட்டு ஒன்றோடொன்று உரைத்து, நீர் கசியாதபடி பொருத்தும் முறையை விவரிக்கிறார். இன்றும் எஞ்சின் வால்வுக்கு 'கிரைண்டிங் பேஸ்ட்' போட்டுத் தேய்க்கும் மெக்கானிக் செய்வது அதே வேலை.

இவ்வளவு வன்மையான பொருளைத் தோலாகக் கொண்ட அலுமினியம் ஏன் கீறுபடுகிறது? காரணம், இயற்கையாக உண்டாகும் படையின் தடிப்பு வெறும் சில நனோமீற்றர்கள். அதாவது ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் அதில் சில பங்கு. அகப்பை பட்டவுடனே உடைந்துவிடும். உடைந்த துகளும் சும்மா போவதில்லை. எமரித் தூளாக மாறி உலோகத்தை மேலும் அராவும். எனவே செய்ய வேண்டியது, இந்தத் தோலையே தடிப்பாக வளர்ப்பது.

தோலை வளர்ப்பது எப்படி?

1906 இல் ஜேர்மனியில் அல்பிரட் வில்ம் என்பவர், செம்பும் மகனீசியமும் சேர்த்த அலுமினியம், சூடாக்கிக் குளிரவைத்த பின் சில நாட்களில் தானாகவே உறுதி பெறுவதைக் கண்டார். டியூரலுமின் என்ற அந்தக் கலப்புலோகமே பின்னர் வான்கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் எலும்பானது. ஆனால் கடல் விமானங்களில் உப்பு நீர் அதை அரித்தது. அதற்கு மருந்தாக 1923 இல் பெங்கோவும் ஸ்டுவர்ட்டும் இங்கிலாந்தில் குரோமிக் அமிலக் குளியலில் மின்னோட்டம் செலுத்தி ஒட்சைட்டுப் படையைத் தடிப்பாக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1927 இல் சல்பூரிக்கமில முறை வந்தது. இன்று யன்னல் சட்டம் முதல் கைப்பேசி உறை வரை பெரும்பாலும் இந்த இரண்டாவது முறைதான்.

மின்முலாம் பூசும் கடையில், முலாம் பூசப்படும் பொருள் எதிர்முனையில் தொங்கும். வேறொரு உலோகம் வந்து அதன் மேல் படியும். இங்கே அதற்கு நேர்மாறு. அலுமினியப் பொருள் நேர்முனை, அதாவது அனோட்டு. 'அனடைஸ்' என்ற பெயரும் அதிலிருந்து வந்ததே. வெளியிலிருந்து எதுவும் படிவதில்லை. அமில நீரிலுள்ள ஒட்சிசன் அலுமினியத்துக்குள் ஏறி, உலோகமே ஒட்சைட்டாக மாறுகிறது. ஆகவே இந்தப் படை பெயின்ற் போல உரிந்து வராது.

அந்தக் குளியலில் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. மின்னோட்டம் ஒட்சைட்டைக் கட்டுகிறது. அமிலம் அதைக் கரைக்கிறது. இந்த இழுபறியில் தேன்கூடு போன்ற நுண்துளைகள் உண்டாகின்றன. மின்னோட்டம் துளைகளின் அடிவரை போக முடிவதால் படை தொடர்ந்து வளர்கிறது. சாதாரண அனடைஸ் ஏறத்தாழ 20 பாகை செல்சியசில், 12 முதல் 20 வோல்ற்று அளவில் நடக்கும். படை 5 முதல் 25 மைக்குரோமீற்றர் வரை. குளியலைப் பூச்சியம் பாகையை ஒட்டிக் குளிர்வித்து, மின்னோட்டத்தையும் கூட்டினால் அமிலத்தின் கரைக்கும் வேகம் குறையும். அப்போது துளை குறைந்த, அடர்த்தியான படை 50 மைக்குரோமீற்றரும் அதற்கு மேலும் வளரும். இதுதான் ஹார்ட் அனடைஸ். சாதாரண 6061 அலுமினியக் கலப்புலோகத்தின் விக்கர்ஸ் வன்மை 107 அளவில் இருக்க, இந்தப் படையின் வன்மை 400ஐத் தொடும்.

பட்டறையில் நினைவில் வைக்க வேண்டிய விடயங்கள் சில உண்டு. படையின் ஏறத்தாழப் பாதி உலோகத்துக்குள்ளும் பாதி வெளியேயும் வளர்கிறது. 50 மைக்குரோமீற்றர் படை போட்டால் ஒவ்வொரு மேற்பரப்பும் 25 மைக்குரோமீற்றர் உயரும். ஒரு தண்டின் விட்டம் 50 கூடும். இதைக் கணக்கில் எடுக்காமல் கடைந்தால் பொருள் பொருந்தாது. கூரான மூலைகளில் படை வெடிக்கும். மூலைகளை முதலில் மழுக்க வேண்டும். செம்பு அதிகமுள்ள கலப்புலோகங்களிலும் சிலிக்கன் அதிகமுள்ள வார்ப்புகளிலும் நல்ல படை எளிதில் வராது. கொதிநீரில் இட்டுத் துளைகளை மூடினால் அரிப்பைத் தாங்கும் சக்தி கூடும், ஆனால் தேய்வைத் தாங்கும் சக்தி சற்றுக் குறையும். எனவே எதற்காகச் செய்கிறோம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். இன்னொன்று: இந்தக் கண்ணாடித் தன்மையான படையில் விழும் நுண்வெடிப்புகள், மாறி மாறிச் சுமை ஏறும் பாகங்களின் ஆயுளைக் குறைக்கும். விமானப் பாகங்களில் இதற்காகத் தனிக் கவனம் எடுப்பார்கள்.

சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது?

அலுமினியச் சிலிண்டருக்கு நெடுங்காலம் இருந்த வழி, உள்ளே ஒரு வார்ப்பிரும்பு ஸ்லீவ் இறக்குவதுதான். அது பாரம், வெப்பத்தையும் மெதுவாகத்தான் கடத்தும். இதற்கு மாற்றாக 1967 இல் ஜேர்மனியின் மாஹ்லே நிறுவனம் 'நிக்கசில்' என்ற படையைக் கொண்டுவந்தது. வாங்கல் சுழல் எஞ்சினுக்காக உருவானது அது. நிக்கல் முலாம் பூசும் குளியலில் சிலிக்கன் காபைட்டுத் துகள்களைக் கலந்துவிடுவார்கள். நிக்கல் படியும்போது, சில மைக்குரோமீற்றர் அளவான அந்தத் துகள்களும் சிமெந்தில் கல் பதிவது போலப் பதிந்துவிடும். தேய்வைத் தாங்குவது கல். கல்லைப் பிடித்திருப்பது நிக்கல். முழுத் தடிப்பும் பொதுவாக மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குக்குள்தான். மருமகனின் சிலிண்டரில் இருந்ததும் இந்த இனத்துப் படையே.

இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. 1990களில் இந்தப் படை போட்ட சில பீஎம்டபிள்யூ, ஜகுவார் எஞ்சின்கள் கந்தகம் அதிகமுள்ள பெற்றோல் பாவித்த இடங்களில் பழுதாகின. கந்தகத்திலிருந்து உண்டான அமிலம் நிக்கலை அரித்துவிட்டது. தேய்வுக்கு நல்லது அரிப்புக்கும் நல்லதாக இருக்க வேண்டும் என்றில்லை.

வேறு வழிகளும் உண்டு. 1970 இல் வெளிவந்த செவ்ரொலே வேகா காரின் எஞ்சின் 17 வீத அளவு சிலிக்கன் கலந்த அலுமினியத்தால் ஆனது. சுவரிலிருந்து அலுமினியத்தைச் சற்றே கரைத்துவிட்டால் சிலிக்கன் மணிகள் மேலெழுந்து நின்று சுமையைத் தாங்கும். அலுமினியம் அலுமினியத்தோடு ஒட்டாமலிருக்க, அதன் பிஸ்டனுக்கு இரும்பு முலாம் பூசினார்கள். இன்னொரு வழி, உருகிய இரும்புத் துளிகளைப் பிளாஸ்மாச் சுவாலையால் சிலிண்டர்ச் சுவரில் விசிறுவது. 2007 இல் வந்த நிசான் ஜீரீ-ஆர் காரில் இது உண்டு.

இங்கே ஒரு கேள்வி வரலாம். உருக்கை உலையில் வைத்துக் காபன் ஏற்றி வன்மையாக்குகிறோமே, அலுமினியத்தையும் அப்படிச் செய்தால் என்ன? முடியாது. அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும். அதற்கு வெகு முன்பே, 200 பாகையைத் தாண்டும்போதே, வில்ம் கண்டுபிடித்த அந்த உறுதி தளரத் தொடங்கும். தோலைக் காப்பாற்றப் போய் எலும்பை இழந்த கதையாகும். அலுமினியத்துக்குரிய முறைகள் எல்லாம் பொருளைச் சூடேற்றாமல் செய்யும் முறைகளாக இருப்பது இதனால்தான்.

பொறி பறக்கும் குளியல்

பூமிக்கடியிலுள்ள அதே குருந்தப் பளிங்கை உலோகத்தின் மேல் வளர்க்கவும் வழியிருக்கிறது. அனடைஸ் படை பெரும்பாலும் பளிங்கு அமைப்பற்றது. ஆனால் அமிலத்துக்குப் பதிலாக மென்காரக் கரைசலில் பல நூறு வோல்ற்று கொடுத்தால், வளர்ந்த படையை மின்சாரம் உடைத்துக்கொண்டு பாயும். மேற்பரப்பெங்கும் நுண்ணிய பொறிகள் பறக்கும். ஒவ்வொரு பொறியின் புள்ளியிலும் ஒரு கணம் மிகக் கடும் சூடு. அங்கே ஒட்சைட்டு உருகி, சுற்றியுள்ள நீரால் உடனே உறையும். அப்படி உறைவதில் ஒரு பகுதி குருந்தம். பொருள் முழுவதும் சூடாவதில்லை. பிளாஸ்மா மின்பகுப்பு ஒட்சியேற்றம் எனப்படும் இம்முறையில் விக்கர்ஸ் வன்மை 1000ஐயும் தாண்டும். 1970களில் சோவியத் ஒன்றியத்தில் மார்க்கோவ் முதலானோர் இதை வளர்த்தெடுத்தார்கள். மின்செலவு அதிகம், வெளிப்புறம் சொரசொரப்பாக இருப்பதால் மினுக்கவும் வேண்டும்.

மகனீசியத்துக்கு இது பெரிய உதவி. 1923 இல் பில்லிங், பெட்வர்த் என்ற இருவர் ஒரு கணக்குச் சொன்னார்கள்: ஒட்சைட்டு, அது உண்டான உலோகத்தை விடக் கூடுதல் இடம் எடுத்தால்தான் அதை முழுதாகப் போர்த்தும். அலுமினியத்துக்கு இந்த விகிதம் ஏறத்தாழ 1.28. மகனீசியத்துக்கு 0.81 தான். கட்டிலை விடச் சிறிய விரிப்பு மாதிரி, எங்கோ ஓரிடம் வெளியே தெரியும். செயற்கையாகத் தோல் போடாமல் மகனீசியத்தைத் தேயும் இடத்தில் வைக்க முடியாது.

தைத்தேனியத்தின் கதை மனித உடம்போடும் சம்பந்தப்பட்டது. அது உடம்போடு நன்றாக ஒத்துப்போகும் உலோகம். ஆயினும் செயற்கை இடுப்பு மூட்டின் உருளும் தலையை அதால் செய்தபோது தேய்ந்து, கருந்துகள்கள் சுற்றியுள்ள தசையில் படிந்தன. அதனால் தண்டுக்குத் தைத்தேனியமும் தலைக்குக் கோபாற்று-குரோமியமோ வன்மட்பாண்டமோ என்று பிரித்துவிட்டார்கள். தைத்தேனியம் சூட்டைத் தாங்கும் என்பதால் அதற்கு நைதரசன் ஏற்றி வன்மையாக்கலாம். பொன்னிறமான தைத்தேனிய நைத்திரைட்டுப் படையும் போடலாம். ஆனால் சில மைக்குரோமீற்றர் தடிப்பான வன்படையை மென்மையான உலோகத்தின் மேல் நேரடியாகப் போட்டால், பாரம் விழும்போது அடியிலுள்ள உலோகம் அமிழும், மேலே படை நொறுங்கும். பஞ்சு மெத்தையின் மேல் கண்ணாடி விரித்த மாதிரி. எனவே முதலில் நைதரசன் ஏற்றி அடித்தளத்தை உறுதியாக்கி, பிறகு படை போடுவார்கள். தோல் எவ்வளவு வன்மையாக இருந்தாலும் அதைத் தாங்க அடியில் சதை வேண்டும்.

கையில் இருப்பதைக் காப்பாற்றுவது

வீட்டுக்கு முதலில். ஹார்ட் அனடைஸ் சட்டி கொறுக்காப்புளியையும் அகப்பையையும் தாங்கும். ஆனால் அலுமினிய ஒட்சைட்டு கடும் காரத்தில் கரையும். சலவைச் சோடா, கோஸ்டிக் சோடா, பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் கடும் காரத் தூள் ஆகியவற்றை அதில் போடக்கூடாது. சாதாரண சவர்க்காரமும் மெல்லிய பஞ்சும் போதும்.

பட்டறைக்கு அடுத்தது. போர் அடிக்க முன் சிலிண்டரின் வாயோரத்தைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். இரும்பு ஸ்லீவ் இருந்தால் இரண்டு உலோகங்கள் சந்திக்கும் வளையக்கோடு தெரியும். உட்சுவரில் காந்தத்தை வையுங்கள். இரும்பென்றால் கப்பென்று பிடிக்கும். பிடிக்கவில்லை, அல்லது லேசாகத்தான் இழுக்கிறது என்றால் கையை நிறுத்துங்கள். அது படை போட்ட சுவராக இருக்கலாம். அப்படிப்பட்டதற்குப் போர் கிடையாது. திரும்பப் படை போட வேண்டும், இல்லாவிட்டால் முறையாக ஒரு ஸ்லீவ் இறக்க வேண்டும். காற்று வடியை அடிக்கடி மாற்றுவதும் முக்கியம். உள்ளே போகும் தூசியிலுள்ள மணல்தான் எந்தப் படைக்கும் முதல் எதிரி.

மருமகனின் சிலிண்டருக்குக் கடைசியில் அதே நானாதான் இரும்பு ஸ்லீவ் இறக்கிக் கொடுத்தார். இரண்டு வார உழைப்பு போனது போனதுதான். வேலைக்கூலி வாங்க மறுத்துவிட்டார். "இப்பிடி ஒண்டு ஈக்கிதுண்டு ஆரும் செல்லித் தரல்லயே" என்றார். இப்போது அவருடைய மேசையில், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தமொன்று கிடக்கிறது. யார் சிலிண்டர் கொண்டுபோனாலும் முதலில் அதைத்தான் கையில் எடுக்கிறார்.